பொட்டு கலையாமல் விழ: தையல் மேசைக்கு லேசர் குறி அமைப்பது எப்படி?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் தெரிந்த அக்கா ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார். பிரஸ் பட்டன் அடிக்கும் மெஷினில் பட்டன் எந்த இடத்தில் இறங்கும் என்று காட்ட, இணையத்தில் ஒரு சின்ன லேசர் வாங்கித் தானே கம்பியால் கட்டி வைத்திருந்தார். ஒரு நாள் கூப்பிட்டார். "தம்பி, இதைப் பொட்டுன்னா சொல்லுவே? வேர்த்துக் கலைஞ்ச குங்குமம் மாதிரில்ல இருக்கு. இதைவிட பவரா ஒண்ணு வாங்கிக் குடு."

போய்ப் பார்த்தேன். 5 மில்லிவாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய சிவப்பு லேசர். துணியில் 6 மி.மீ. அகலத்துக்கு ஏதோ சிவப்பாகத் தேய்த்துவிட்டது போல் இருந்தது. நடு எது, ஓரம் எது என்று தெரியவில்லை. சாயங்காலம் கதவு வழியாக வெயில் சாய்ந்து விழுந்தால் அந்தச் சிவப்பும் காணாமல் போய்விடும்.

பவரைக் கூட்டவில்லை. இருந்ததைவிடக் குறைத்துத்தான் சரிசெய்து கொடுத்தேன். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. லென்ஸ், லேசர் எதையும் இதுவரை கையில் தொடாதவர்களுக்காக எழுதுகிறேன். பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும். ஒளி விழும் இடத்தை அக்கா சொன்னபடியே 'பொட்டு' என்றே சொல்கிறேன். அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கண்ணைக் காப்பது முதலில்

ஐ.இ.சி. 60825-1 என்ற உலகத் தர விதி லேசர்களை வகுப்பு வகுப்பாகப் பிரிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தொடர்ந்து வீசும் லேசர் 1 மில்லிவாட்டுக்குள் இருந்தால் 2ஆம் வகுப்பு. தவறிக் கண்ணில் பட்டாலும் கால் விநாடிக்குள் நாமே இமைத்துத் திரும்பிவிடுவோம், அதற்குள் கெடுதல் வராது என்ற கணக்கில் வைத்த எல்லை அது. 5 மில்லிவாட் வரை 3ஆர். அதற்கு மேல் 3பி. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தையல்காரர் பொட்டுக்கு ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்து நாள் முழுக்க வேலை செய்கிறவர். மெஷின் தலையோ பளபளவென்று முலாம் பூசியது. கற்றை அதில் பட்டுத் தெறித்தால் நேரே கண்ணுக்குத்தான் வரும். அதனால் என் விதி இதுதான்: ஆள் உட்கார்ந்து பார்க்கும் இடத்தில் வெளியே வரும் ஒளி 1 மில்லிவாட்டைத் தாண்டக்கூடாது. மலிவு லேசரில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், பவர் மீட்டரில் அளந்து பாருங்கள். சொந்தமாக மீட்டர் இல்லாவிட்டால் வைத்திருக்கும் நண்பரைப் பிடியுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நாலு பேரைக் கேட்டால் ஒருவரிடமாவது வழி இருக்கும். இந்த ஊருக்கு ஒளி புதிதல்ல. 1972இல் அந்தத் தொழிற்பேட்டை தொடங்கியபோது முதலில் வந்த எட்டு கம்பெனிகளில் லிட்ரோனிக்ஸ் ஒன்று, அது எல்.இ.டி. செய்த கம்பெனி.

செட் செய்யும்போது நீங்கள் கையாள்வது முழு 5 மில்லிவாட் என்பதை மறக்காதீர்கள். அறை விளக்கைப் போட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள். இருட்டில் கண்பாவை விரிந்து கூடுதல் ஒளியை உள்ளே விடும். கற்றை எங்கே போகிறது என்று பார்க்க வெள்ளை அட்டை போதும். லேசர் வாய்க்குள் எட்டிப் பார்ப்பது, பூதக்கண்ணாடியோடு குனிவது இரண்டும் கூடவே கூடாது.

மேசையில் மூன்று அளவு

எதையும் வாங்குவதற்கு முன் பொட்டு விழப்போகும் இடத்துக்குப் போங்கள். லேசரிலிருந்து துணி வரை எவ்வளவு தூரம்? அக்கா கடையில் 40 செ.மீ. பொட்டு எவ்வளவு பெரிதாக வேண்டும்? பட்டன் நடுவைக் காட்ட 1 மி.மீ. போதும். அந்த இடத்தில் ஏற்கெனவே எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது? கைப்பேசியில் லக்ஸ் (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) மீட்டர் செயலி போட்டுப் பார்த்தேன். துல்லியமாக இருக்காது, ஆனாலும் ஒரு மதிப்பு கிடைக்கும். டியூப் லைட்டில் சுமார் 600 லக்ஸ். சாயங்கால வெயில் உள்ளே வரும்போது 3,000 லக்சைத் தொட்டது. உச்சி வெயிலில் வெட்டவெளி என்றால் 100,000 லக்ஸ் வரை போகும் என்பதை நினைவில் வையுங்கள், கீழே உதவும்.

எத்தனை லக்ஸ் விழும்?

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மில்லிவாட் என்பது லேசர் ஒரு விநாடியில் கக்கும் ஆற்றலின் அளவு. கண் அதை அப்படியே உணர்வதில்லை. நிறத்துக்கு நிறம் தள்ளுபடி போட்டுத்தான் உணர்கிறது. பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு மிகவும் பிடித்தது 555 நானோமீட்டர் அலைநீளம், இளம்பச்சை. அதற்கு 1 மதிப்பெண் கொடுத்தால், மலிவாகக் கிடைக்கும் 650 சிவப்புக்கு 0.107தான். ஒரு வாட்டுக்கு 683 லூமன் (கண் உணரும் ஒளியின் அளவு), அதை இந்த மதிப்பெண்ணால் பெருக்க வேண்டும். ஆக 1 மில்லிவாட் சிவப்பு லேசர் தருவது 683 × 0.107 × 0.001, அதாவது 0.073 லூமன். இதைப் பொட்டின் பரப்பால், சதுர மீட்டரில், வகுத்தால் லக்ஸ் வந்துவிடும்.

இந்த 1 மில்லிவாட் 6 மி.மீ. பொட்டாகப் பரவினால் சுமார் 2,600 லக்ஸ். சாயங்கால வெயில் 3,000. அதில் காணாமல் போய்விடும். அக்காவின் லேசர் ஸ்டிக்கரில் உள்ள 5 மில்லிவாட்டை முழுதாகத் தந்தாலும் 13,000தான் வரும், கண்ணுக்கும் ஆபத்து வரும். அதே 1 மில்லிவாட்டை 1 மி.மீ. பொட்டுக்குள் அடைத்துப் பாருங்கள்: சுமார் 93,000 லக்ஸ். உச்சி வெயிலுக்குச் சமமாக நிற்கும். விட்டம் ஆறில் ஒன்றானால் பரப்பு முப்பத்தாறில் ஒன்று, அவ்வளவுதான் விஷயம்.

சுருக்கிக்கொண்டே போகலாமா என்றால், அதற்கும் எல்லை உண்டு. 40 செ.மீ. தூரத்தில் சாதாரணக் கண்ணால் பிரித்துப் பார்க்க முடிவது ஏறத்தாழ 0.1 மி.மீ. அதற்குக் கீழே சுருக்குவது வீண் வேலை. சொல்லப்போனால் அரை மி.மீ.க்குக் கீழே போனாலே பொட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அக்காவுக்கு 0.3 மி.மீ. போட்டுக் காட்டினேன். "ஊசி முனையாடா இது?" என்றார்.

எந்த நிறம்?

650க்குப் பதில் 635 வாங்கினால், அதே பவரில் இரு மடங்கு வெளிச்சமாகத் தெரியும். 520 பச்சை டையோடு (நேரடியாக லேசர் ஒளி தரும் சின்னச் சில்லு) ஆறரை மடங்கு. 532 பச்சை எட்டு மடங்குக்கு மேல். ஆனால் இந்த 532 வேறு குடும்பம்: உள்ளே அகச்சிவப்பு லேசர் ஒன்று படிகங்கள் வழியாகப் போய்ப் பச்சையாக மாறி வருகிறது. மலிவானதில் வடிகட்டி இல்லாவிட்டால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கூடவே வெளியே வரும். சூடு குளிருக்கு அதன் பவர் ஏறி இறங்கும். பச்சைதான் வேண்டுமென்றால் நேரடி 520 டையோடையே கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் எல்லாருக்கும் பச்சைதானே நல்லது? துணியைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கூறைப் புடவைச் சிவப்பில் பச்சைப் பொட்டு போட்டால் துணி அதைக் குடித்துவிடும், மங்கலாகத்தான் தெரியும். இடைநிலைப் பள்ளிப் பையன்களின் கரும்பச்சைக் கால்சட்டையில் சிவப்பு லேசருக்கு அதே கதி. கடையில் கிடந்த வெட்டுத் துண்டுகளை எல்லாம் மேசையில் பரப்பி, இரண்டு நிற லேசரையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துப் பார்த்தோம். கால் மணி நேர வேலை. எந்தப் புத்தகக் கணக்கும் இதற்கு ஈடில்லை. கடைசியில் 635 சிவப்பே பெரும்பாலான துணிக்குச் சரிப்பட்டது. கரும்பச்சைக்கு மட்டும் சுமார்தான், ஆனால் பொட்டு சின்னதாக இருந்ததால் சமாளித்துக்கொண்டது. கீழே வரும் கணக்குகளில் மட்டும் பலரிடமும் இருக்கும் 650ஐயே வைத்துக்கொள்கிறேன். பொட்டின் அளவில் 635க்கு வித்தியாசம் மிகச் சொற்பம்.

லென்ஸும் துளையும்

லேசர் என்றாலே நேர்க்கோடாகப் போகும் என்று நினைப்போம். டையோடுக்குள்ளிருந்து வரும் ஒளி அப்படி வருவதே இல்லை. அது டார்ச் போல விரிந்துதான் வருகிறது, அதுவும் ஒழுங்கில்லாமல்: ஒரு பக்கம் 30 டிகிரி, அதற்குக் குறுக்கே 9 டிகிரி மாதிரி. அதைப் பிடித்து நேராக்குவது முன்னால் இருக்கும் சின்ன லென்ஸ். அதன் குவியதூரம் (இணையாக வரும் ஒளியை லென்ஸ் ஒரு புள்ளியில் சேர்க்கும் தூரம்) பெரும்பாலும் 4 முதல் 8 மி.மீ.க்குள் இருக்கும். 5 மி.மீ. லென்ஸ் போட்டால் வெளிவரும் கற்றை நெட்டுக்கு நாலரை மி.மீ., குறுக்கே ஒன்றேகால் மி.மீ. போல இருக்கும்.

ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் வெள்ளை அட்டையைப் பிடித்தால் நெட்டாக ஒரு கீற்று விழும். அட்டையை மெல்ல மேசைப் பக்கம் நகர்த்துங்கள். குவியும் இடத்தில் அதே கீற்று படுத்துவிடும். லென்ஸில் எந்தப் பக்கம் அகலமோ, குவியத்தில் அந்தப் பக்கம் ஒடுங்கும். ஒளியின் குணம் அது. 40 செ.மீ.யில் கணக்குப் போட்டால் 0.07க்கு 0.25 மி.மீ. கீற்று வரும். கூர்மைதான், ஆனால் பொட்டு இல்லை. போதாக்குறைக்கு அந்த 0.07 மி.மீ. பக்கம் அரை செ.மீ. தள்ளினாலே விரியத் தொடங்கிவிடும். மெல்லிய பட்டுக்குக் குவித்து வைத்தால், நாலு மடிப்பு ஜீன்ஸில் கலையும்.

இதற்கு நான் செய்தது மிகவும் சாதாரணமான ஒன்று. லென்ஸுக்கு முன்னால் 1 மி.மீ. துளையிட்ட மெல்லிய கறுப்புத் தகடு. வட்டத் துளை வழியாக வரும் ஒளி வட்டமாகவே விழும். அதன் அளவுக்கு எளிய சூத்திரம் உண்டு: 2.44ஐ அலைநீளத்தாலும் தூரத்தாலும் பெருக்கி, துளை விட்டத்தால் வகுக்க வேண்டும். 650 நானோமீட்டர், 40 செ.மீ., 1 மி.மீ. என்று போட்டால் 0.63 மி.மீ. அதுதான் பொட்டின் நடு வட்டம், சுற்றிலும் மங்கலாக ஓரிரு வளையம். குவியத்தைத் துளி தளர்த்தினால் 1 மி.மீ.க்கு வந்துவிடும். ஆழமும் கிடைக்கிறது: பத்துப் பதினைந்து செ.மீ. முன்னே பின்னே போனாலும் பொட்டு பெரிதாகக் கலையாது.

துளையைப் பெரிதாக்கினால் பொட்டு சின்னதாகும், துளையைச் சின்னதாக்கினால் பொட்டு பெரிதாகும். முதல் முறை கேட்பவர்கள் தலைகீழாகச் சொல்கிறேன் என்றே நினைப்பார்கள். செய்து பார்த்தால் நம்புவீர்கள்.

நஷ்டம்? நெட்டுப் பக்கத்து ஒளியில் பெரும்பகுதியைத் தகடு தின்றுவிடும். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான் தாண்டி வரும். ஆனால் நம் கையில் இருப்பது 5 மில்லிவாட், நமக்கு வேண்டியதோ 1 மில்லிவாட்டுக்குள். விரயம் என்று நினைத்ததே பாதுகாப்புக் கணக்கில் வரவாகிவிட்டது. மிச்சமாகத் தாண்டியதைக் கரண்டைக் குறைத்துச் சரிசெய்தேன். ஒன்று மட்டும்: தகட்டை யாரும் கழற்ற முடியாதபடி ஒட்டிவிடுங்கள். அது விழுந்தால் மேசையில் இருப்பது மறுபடி 3ஆர்.

எட்டில் ஒரு சுற்று

இந்த லென்ஸ்கள் பெரும்பாலும் எம்9 (9 மி.மீ. விட்டத் திருகு), அரை மி.மீ. மரை இடைவெளி உள்ள பித்தளைக் கூட்டில் வரும். ஒரு சுற்று திருகினால் லென்ஸ் அரை மி.மீ. நகரும். முதலில் ஒரு நீண்ட தாழ்வாரத்தில் பத்து மீட்டர் தள்ளி உள்ள சுவரில் பொட்டு மிகச் சின்னதாகும் வரை திருகுங்கள். அது ஏறக்குறைய இணைக் கற்றை. இப்போது 40 செ.மீ.க்குக் குவிக்க லென்ஸை எவ்வளவு வெளியே நகர்த்த வேண்டும்? குவியதூரத்தை அதனாலேயே பெருக்கி, தூரத்தால் வகுங்கள்: 25ஐ 400ஆல் வகுத்தால் 0.0625 மி.மீ. மரைக் கணக்கில் சரியாக எட்டில் ஒரு சுற்று. கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைக்கு முள் போகும் தூரம். புதியவர்கள் மூன்று நாலு சுற்றுத் திருகிவிட்டு "லென்ஸ் சரியில்லை" என்பது இதனால்தான்.

மரை ஆடினால் இந்த எட்டில் ஒன்றைப் பிடிக்கவே முடியாது. குழாய் ரிப்பேர்காரர் சுற்றும் வெள்ளை டேப் இருக்கிறதே, அதை மரையில் ஒரு சுற்றுச் சுற்றித் திருகுங்கள், இறுக்கமாக நகரும்.

இடம் கிடைத்ததும் லென்ஸை அசையாமல் பூட்ட வேண்டும். இங்கேதான் நான் ஒரு லென்ஸைத் தொலைத்தேன். அவசரத்தில் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டேன். அன்றைக்குப் பொட்டு அருமையாக இருந்தது. மறுநாள் காலையில் சுற்றிலும் பனி படர்ந்தது போல ஒரு சிவப்பு மூட்டம். கழற்றிப் பார்த்தால் லென்ஸ் முழுக்க வெள்ளைப் படலம். அந்தப் பசை காயும்போது கிளம்பும் ஆவி பக்கத்தில் உள்ள கண்ணாடியில் படிந்துவிடும். துடைத்தும் போகவில்லை. புற ஊதா விளக்கில் இறுகும் பசையோ, மரை பூட்டும் பசையோ ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் போதும்.

லென்ஸ் பிளாஸ்டிக்கா கண்ணாடியா என்றும் கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் லென்ஸின் குவியதூரம் சூட்டில் மாறும். 5 மி.மீ. லென்ஸ் 15 டிகிரி சூடானால் சுமார் 0.02 மி.மீ. நீளும். நாம் மொத்தமாக நகர்த்தியதே 0.06தான், காலையில் 40 செ.மீ.யில் குவிந்தது மத்தியானம் 60 செ.மீ.க்கு ஓடிவிடும். துளைத் தகடு இருந்தால் அவ்வளவாக உறுத்தாது. தகடு போடாமல் கூர்மையாகக் குவிப்பவர்கள் கண்ணாடி லென்ஸே வாங்க வேண்டும்.

பொருத்துவது

கூட்டைக் கையில் சுழற்றினால் பொட்டு மேசையில் வட்டம் போடும். கெட்டுப்போன சாமான் என்று திருப்பி அனுப்பாதீர்கள். டையோடு லென்ஸின் நடுவிலிருந்து 0.05 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தாலே 40 செ.மீ.யில் பொட்டு 4 மி.மீ. விலகும். அவ்வளவு துல்லியமாக யாரும் மலிவில் செய்து தர முடியாது. அதனால் தாங்கியில் இரண்டு பக்கமும் சாய்க்கும் வசதி வேண்டும். சாய்த்துச் சரிசெய்தபின் இறுக்குங்கள்.

தாங்கியை எங்கே திருகுவது? மெஷின் உடம்பிலேயே. சுவரிலோ மேசையிலோ வைத்தால் ஒவ்வொரு அடிக்கும் மெஷின் ஒரு பக்கம் நகரும், பொட்டு ஒரு பக்கம் நிற்கும். கூடியவரை செங்குத்தாகக் கீழே பார்க்க வையுங்கள். 30 டிகிரி சாய்வில் வைத்தால், 5 மி.மீ. தடிப்புள்ள துணியில் பொட்டு 3 மி.மீ. தள்ளி விழும். மெஷின் தலை மறைப்பதால் செங்குத்து முடியாதென்றால், எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து இரண்டு லேசர் வைத்து, இரண்டு பொட்டும் ஒன்றாகும் உயரத்தைத் துணி மட்டத்துக்குக் கொண்டு வரலாம். அப்போது கண்ணுக்குப் போகக்கூடிய ஒளியும் இரண்டு பங்கு என்று கணக்கில் வையுங்கள்.

கரண்ட், சூடு, ஈரம்

டையோடில் மூன்று கால் இருந்தால் ஒன்று உள்ளே இருக்கும் ஒளி உணரிக்கு. அதைப் பார்த்துப் பவரைச் சமமாக வைக்கும் டிரைவரை (டையோடுக்குக் கரண்ட் கொடுக்கும் சுற்று) வாங்குங்கள். அந்தக் கால் விட்டுப்போனால் டிரைவர் "ஒளி போதவில்லை" என்று கரண்டை ஏற்றிக்கொண்டே போய் டையோடைக் கொன்றுவிடும். ஈயம் வைக்கும்போது அதை இரண்டு முறை பாருங்கள். கையில் உள்ள நிலைமின் ஒரு துளி பட்டாலும் டையோடு போகும், கைப்பட்டை மாட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு டையோடு 2 வோல்ட் சொச்சத்தில் எரியும். பச்சை அதைவிட மிக அதிகம் கேட்கும், சிவப்பின் டிரைவரைப் பச்சைக்கு மாட்ட முடியாது.

பல சிவப்பு டையோடுகளின் உடல் சூட்டு எல்லை 40, 50 டிகிரிதான். நம் ஊரில் மத்தியானமே 32, 33. பக்கத்தில் மோட்டார் வேறு. பிளாஸ்டிக் தாங்கியை விட்டு அலுமினியக் கட்டையில் பொருத்தினால் சூடு இறங்கும்.

பொட்டுக்குள் மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக மினுங்கும். லேசரின் இயல்பு அது, விட்டுவிடுங்கள்.

ஈரத்தை மட்டும் விடாதீர்கள். கேமரா வைத்திருக்கும் பினாங்குக்காரர் யாரைக் கேட்டாலும் லென்ஸில் பூஞ்சை பிடித்த கதை ஒன்று சொல்வார். மாட்டாத லென்ஸ்களைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். தையல் கடையில் பஞ்சுத் தூசியும் உண்டு, நீராவி இஸ்திரிப் பெட்டியும் உண்டு. இரண்டும் லென்ஸில் படிந்தால் பொட்டைச் சுற்றி மூட்டம் வரும். லேசர் வாய்க்கு இரண்டு விரற்கடை நீளத்தில் குழாய் ஒன்று மாட்டினேன், இஸ்திரி மேசையை எதிர்ப்பக்கம் தள்ளச் சொன்னேன். துடைக்கும்போது லேசரை அணைத்துவிட்டு முதலில் காற்று ஊதித் தூசியை விரட்டுங்கள், அப்புறம்தான் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட லென்ஸ் தாள். பிளாஸ்டிக் லென்ஸ் என்றால் அசிட்டோன் பக்கமே வரக்கூடாது.

இவ்வளவும் முடித்துக் கொடுத்து, பள்ளி திறக்கும் சீசனும் பிரச்சினையில்லாமல் போயிற்று. அப்புறம் ஒரு நாள் அக்காவிடமிருந்து போன்: "தம்பி, பொட்டு மறுபடி கலைஞ்சிருச்சு." போய்ப் பார்த்தால் மெஷின், கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். முந்தின நாள் ஆயுத பூசை. லேசரின் பித்தளைக் கூட்டிலும் மறக்காமல் வைத்திருக்கிறார், கொஞ்சம் குங்குமம் குழாய்க்குள் போயிருக்கிறது. ஊதித் துடைத்துக் கொடுத்தேன். இப்போதெல்லாம் பூசைக்கு முதல் நாளே போய் லேசர் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு வருகிறேன்.